கவிழ்ந்து கிடந்த கல்: கோலார் தங்க வயலில் இத்ரீஸின் பெரியம்மாவைத் தேடிப் போனது

கோலார் தங்க வயலில் எங்கள் தாத்தாவின் கல்லறை இருக்கிறதாம், பெரியப்பாவின் கல்லறை இருக்கிறதாம், எப்படிப் போவது, யாரைக் கேட்பது என்று வருடத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் 2001 ஜூலையில் நான் போய்வந்த கதையை முழுசாக இங்கே போட்டுவிடுகிறேன். இதில் வரும் கட்டணமெல்லாம் அன்றையது. இதைக் காட்டி இன்றைய ஆட்டோக்காரரிடம் வாதாடி வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

அப்போது எனக்கு பிரிட்டனில், வேல்ஸ் பகுதியிலுள்ள கார்டிஃப் நகரத்தில் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் இத்ரீஸ். ஐம்பது வயது, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவருடைய அம்மாவின் அப்பா ஃபாரா, சோமாலியர். பெர்பெரா துறைமுகத்தில் பிறந்து, ஏடன் வழியாகக் கப்பலேறி கார்டிஃபுக்கு வந்தவர். நீராவிக் கப்பலின் அடிவயிற்றில் நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் அந்த மாதிரி வந்து தங்கியவர்கள் நிறையப் பேர். பலர் அங்கேயே வெள்ளைக்காரப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். ஃபாரா கட்டியது ஒரு வேல்ஸ்காரப் பெண்ணை. அன்றோடு அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. வேல்ஸிலும் இத்ரீஸ் என்ற பெயர் உண்டு, சோமாலியரிடமும் உண்டு. தாத்தாவும் பாட்டியும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் தன் பெயர்தான் என்று இத்ரீஸ் சொல்வார்.

ஃபாராவுக்கு இரண்டு பெண்கள். இளையவர்தான் இத்ரீஸின் அம்மா கதீஜா. மூத்தவர் மரியம். இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால், மரியம் ஒரு வெள்ளைக்கார ஃபிட்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மனிதருக்குத் தங்க வயலில் வேலை கிடைத்து, இருவரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சில மாதங்கள் கடிதம் வந்தது. அப்புறம் சுத்தமாக நின்றுபோனது. மகள் அங்கே போய் துரைசானி ஆகிவிட்டாள், கரி அள்ளுகிற கறுப்புத் தகப்பனைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஃபாரா அந்த வருத்தத்தோடேயே செத்துப்போனார். பல வருடங்கள் கழித்து அந்த ஃபிட்டரும் இறந்த பிறகு, அவருடைய உறவுக்காரர் ஒருவர் மரியத்தின் கல்யாணப் படத்தை அனுப்பி, அந்த அம்மாவை அடக்கம் செய்தது கோலார் தங்க வயலில்தான் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். எப்போது, எப்படி என்று ஒன்றும் இல்லை.

நான் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது இத்ரீஸும் கூட வந்ததற்கு இதுதான் காரணம். கிளம்புமுன் கதீஜா அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கறாராகச் சொன்னார். "கல்லறையைக் கண்டுபிடி. கல்லில் எங்கப்பா பேர் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு வா. இல்லையென்றால் எடுக்காதே. எனக்கு அந்தக் கல்லைப் பார்க்க வேண்டியதில்லை." எண்பது வயசில் ஒருவருக்கு இவ்வளவு கோபம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பெங்களூரிலிருந்து தங்க வயல் சுமார் நூறு கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு. நாங்கள் மாரிக்குப்பம் போகிற பாசஞ்சரில் போனோம். டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். காலையில் அங்கிருந்து பெங்களூருக்கு வருகிற வண்டியில் ஆள் தொங்கிக்கொண்டு வரும், நாம் எதிர்த்திசையில் போவதால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். பங்காருப்பேட்டையில் வண்டி நிற்கும், நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். அங்கே வடை வாங்காதீர்கள். வாங்கி நான் பட்டது போதும்.

வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டது. எதிர் இருக்கைக்காரர் இத்ரீஸைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். பிரிட்டன் என்றேன். "அது சரி, அதுக்கு முன்னாடி?" என்றார். அவருக்கு முன்னாடியும் பிரிட்டன்தான், அவர் அம்மாவே அங்கேதான் பிறந்தார் என்றேன். அவர் என்னை ஒரு பொய்யனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்ரீஸ் மட்டும் சிரித்தார். "எங்கள் ஊரிலும் ஐம்பது வருஷமாக இதே கேள்விதான். இவராவது முறுக்கு கொடுத்துவிட்டுக் கேட்கிறார்," என்றார்.

கோரமண்டல் தாண்டி ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி பதினொன்றரை. எதிரே எஸ்தர் அக்காவின் டீக்கடை. அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடி அப்போது நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது அவர் விடிகாலை வண்டியில் பெங்களூர் போய் ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் சீருடை போட்டு நிற்கிறாராம். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழெட்டு ஆண்களுக்கும் இதே கதைதான், இல்லையென்றால் அதுகூட இல்லாத கதை. நாங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லாரும் இத்ரீஸைப் பார்த்தார்கள். அவருடைய நிறம், கையிலிருந்த கேமரா, காலிலிருந்த கனத்த வேலை பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து நின்று, "யூ ஃப்ரம் சவுத் ஆப்ரிக்கா, சார்?" என்றார்.

"கார்டிஃப்," என்றார் இத்ரீஸ்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை. டீக்குக் காசு நீட்டினேன். எஸ்தர் அக்கா என் கையைத் தள்ளிவிட்டார். "அய்ய, இன்னா சார் இது. அவருகிட்ட போய் காசு வாங்கிகினு. வேலைய முடிச்சிட்டு வாங்க, அப்பால பாத்துக்கலாம்."

என்ன வேலை என்று நான் கேட்பதற்குள் ஏழுமலை வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மைசூர் மைன்ஸில் இருபது வருடம் டிம்பர்மேன். பூமிக்கடியில் பாறை இடிந்து விழாமல் மரத்தால் முட்டுக்கொடுத்து நிறுத்துகிற ஆள். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். நாள் முழுக்க இருநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். வெள்ளைக்காரர்கள் கல்லறைக்குப் போங்கள், இவருடைய பெரியம்மாவை அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று தெளிவாக, தமிழில், இரண்டு தடவை சொன்னேன்.

"புரியுது சார்," என்று சொல்லிவிட்டு நேரே மைசூர் மைன்ஸுக்கு விட்டார்.

இது கல்லறையில்லையே என்றேன். "மொதல்ல ஷாஃப்ட்ட பாத்துரட்டும் சார், வெயில் ஏறிச்சின்னா போட்டோ நல்லா வராது," என்றார். வேலிக்கு அந்தப் பக்கம், சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியான ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் நின்றது. உச்சியில் பெரிய சக்கரம், அதிலிருந்து தொங்கும் கம்பிவடம். ஆட்களை ஏற்றி இறக்கிய கேஜ் அதில்தான் ஓடியது. எனக்கு வந்த எரிச்சலைவிட மோசமானது இத்ரீஸ் செய்த காரியம். மனிதர் லிஃப்ட் ரிப்பேர்காரர் அல்லவா! சக்கரத்தைப் பார்த்ததும் பெரியம்மாவையே மறந்துவிட்டார். வடம் என்ன பருமன், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், கேஜ் அறுந்தால் பிடித்து நிறுத்த என்ன ஏற்பாடு என்று கேள்விமேல் கேள்வி. அதற்குள் சைக்கிளில் பத்துப் பேர் வந்து சேர்ந்து, ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்துத் தொண்டை வற்றிப் போனேன்.

அப்போதுதான் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார்: "கம்பெனி எப்ப சார் எடுத்துக்கிது? பழைய ஆளுங்கள சேத்துப்பாங்களா?"

தலை சுற்றியது. தென்னாப்பிரிக்கத் தங்கக் கம்பெனி ஒன்று சுரங்கத்தை வாங்கித் திரும்பத் திறக்கப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. அதற்கு முன்னோட்டமாக ஆள் வந்து பார்ப்பான் என்றும் பேச்சு. கறுப்பு மனிதர், ஆங்கிலம், கேமரா, பூட்ஸ், வடத்தின் பருமன். முடிந்தது கதை. நான் அவரிடம் மறுத்தேன். அடுத்தவரிடம் மறுத்தேன். ஏழுமலையிடம் சத்தியம் செய்தேன். மறுக்க மறுக்க அவர்களுடைய முகம் பிரகாசமானதுதான் மிச்சம். கம்பெனிக்காரன் என்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறான் என்பது அவர்கள் அனுபவம். சுரங்கத்தை மூடமாட்டோம் என்றும் முன்பு ஒருவர் வந்து சொல்லியிருந்தாராம்.

ஒருவழியாகக் கல்லறைக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. அதற்குள் சயனைடு மேட்டையும் காட்டிவிட்டார்கள். சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிற இடம். காற்றடித்தால் அந்தத் தூள் மூக்கு, வாய், சட்டைப்பை எல்லாவற்றிலும் புகும். வெள்ளைக்காரர் கல்லறையில் முள்ளை விலக்கி விலக்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தோம். ஊர் பேர் தெரியாத ஃபிட்டர்கள், சுரங்கக் கேப்டன்கள், அவர்களுடைய கைக்குழந்தைகள். மரியம் இல்லை. இத்ரீஸின் கையெல்லாம் கீறல். ஏழுமலை மட்டும் ஒரு மரத்தடியில் நின்று இதையெல்லாம் யோசனையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறைக்கு அடியில் தங்க ரேகை ஓடுகிறதா என்று கம்பெனிக்காரர் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தாராம். மறுநாள் அவரே சொன்னார்.

ராத்திரி தங்கியது என் அக்கா வீட்டில். மாமா அங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர், குவார்ட்டர்ஸ் வாசம். படித்த மனிதர், விஷயத்தை முழுக்கக் கேட்டார், "ச்சே, பாவம்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாக, "ஏண்டா, என்கிட்டயாவது நெஜத்தைச் சொல்லேன். மெஷினெல்லாம் எங்க ஃபேக்டரிலதான வாங்குவாங்க?" என்றார். நான் படுக்கப் போய்விட்டேன்.

இத்ரீஸ் தூங்கவில்லை. "நாளைக்கே திரும்பிவிடலாம். கல் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அம்மா நினைத்ததுபோலத்தான் இருக்கும், வேறு பேரில் படுத்திருப்பாள்," என்றார். எனக்கு அவர்மேல் கோபம், ஊர்மேல் கோபம், முகம் தெரியாத அந்த ஃபிட்டர்மேலும் கோபம்.

மறுநாள் காலை எஸ்தர் அக்கா கடையில் இருபது பேர் காத்திருந்தார்கள். வெளுத்த சட்டை போட்டு, தலைவாரி, இன்டர்வியூவுக்கு வந்ததுபோல. இத்ரீஸ் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு உள்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து, அதிலிருந்த படத்தை ஏழுமலையிடம் நீட்டினார். கல்யாணப் படம். மெலிந்த ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மாநிறத்தில், அடர்ந்த சுருட்டை முடியோடு ஒரு பெண். இத்ரீஸின் அதே நெற்றி, அதே மூக்கு. இந்தப் படம் கையிலேயே இருந்தது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அறுபது வருஷத்துக்கு முந்தைய முகம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று காட்டாமலே வைத்திருந்தாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில்.

ஏழுமலை படத்தைப் பார்த்தார், இத்ரீஸைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னை ஆட்டோ பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"சார். அப்ப நெஜமாவே கல்லறைதானா?"

"நேத்து முழுக்க அதைத்தானே சொன்னேன்!"

"இன்னா சார் நீங்க. வெள்ளைக்காரங்க கல்லறைன்னு கேட்டீங்க. இந்தம்மா வெள்ளைக்காரம்மா இல்லியே. இவங்க அப்பா யாரு?"

சோமாலியாக்காரர், முஸ்லிம் என்றேன். ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். "எங்க ஷிஃப்ட்டு காதர், ராக்பர்ஸ்ட்ல பாறை வெடிச்சி போனவன், அவனை ஆண்டர்சன்பேட்டை பக்கம் கபர்ஸ்தான்லதான் வெச்சிருக்கோம். வருஷா வருஷம் போவேன். அங்க ஒரு கல்லு கவுந்து கெடக்குது. அதுமேலதான் குந்திகினு ஒரு பீடி புடிப்பேன். யாரோ துரை அவரு பொண்டாட்டிக்கு வெச்சதுன்னு பெரியவங்க சொல்வாங்க. துரை பொண்டாட்டிக்கு இங்க இன்னா வேலைன்னு நானே யோசிச்சிக்கீறேன்."

இதை நான் மொழிபெயர்த்தபோது இத்ரீஸுக்கு உடனே விளங்கவில்லை. மரியம் துரைசானி ஆகிவிட்டாள் என்று அறுபது வருஷம் நம்பிய வீடு அது. வெள்ளைக்காரர் பக்கம் தவிர வேறெங்கும் தேட அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஊரிகத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. பின்னாலேயே சைக்கிள் படை. கபர்ஸ்தானைப் பார்த்துக்கொள்கிற பாஷா பாயிடம் படத்தைக் காட்டி அனுமதி கேட்டோம். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வழிகாட்டினார். வேலியோரம் ஊமத்தைச் செடிக்கு நடுவே அந்தக் கல் முகம் குப்புறக் கிடந்தது. இந்த ஊரில் பூமிக்கடியில் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகளே விரிசல் விடும். அப்படி ஒரு அதிர்ச்சியில் விழுந்திருக்க வேண்டும். கனமான கருங்கல். நாங்கள் மூன்று பேர் அசைத்துப் பார்த்தோம், அது எங்களை மதிக்கவே இல்லை.

சைக்கிளில் வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். சொன்னால் போதும், ஓடிவந்து தூக்குவார்கள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். இத்ரீஸ் என் கையைப் பிடித்தார்.

"நான் யார் என்று முதலில் சொல்."

"தூக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். நேற்று முழுக்க நான் சொல்லியே நம்பவில்லை."

"வேலை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் என் பெரியம்மாவைத் தொட வேண்டாம்."

இந்த மாதிரி ஆட்களோடு பயணம் செய்யாதீர்கள், உயிரை வாங்கிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் வேலியோரம் போய் நின்று சொன்னேன். இவர் எந்தக் கம்பெனியும் இல்லை. பிரிட்டனில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இவருடைய தாத்தா கப்பலில் கரி அள்ளினவர். தாத்தாவுடைய மூத்த மகள் இங்கே கிடக்கிறாள். கல்லில் தாத்தா பேர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார். வேறொன்றும் கிடையாது. இந்த முறை படத்தையும் கையில் கொடுத்தேன். அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவரும் தலையாட்டவில்லை. நம்பிவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இதுக்காடா ரெண்டு நாளா வேலைக்கி போகாம சுத்தினோம்," என்று ஒருவர் சைக்கிளைத் திருப்பினார். அவர் பின்னால் இன்னும் சிலர். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். மிச்சம் இருந்தவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழுமலை அவர்களைப் பார்த்துக் கத்தினார்: "இன்னா மச மசன்னு நிக்கிறீங்க? கேஜ் வரட்டும்னு பாக்கிறீங்களா? போய் கடப்பாறை எடுத்தாங்கப்பா!"

அரைமணி நேரத்தில் கடப்பாறையும் மரக்கட்டைகளும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு மனிதர்களை. யாரும் முண்டவில்லை, இழுக்கவில்லை. கடப்பாறையைக் கொடுத்து ஒரு விரல் உயரம் நெம்புவது, அந்த இடைவெளியில் கட்டையைச் செருகுவது, மறுபக்கம் நெம்புவது, அங்கேயும் கட்டை. பூமிக்கடியில் செய்த அதே வேலை. ஏழுமலை "ஹோல்ட்" என்றால் எல்லாக் கையும் நிற்கும், "மெல்ல" என்றால் எல்லாக் கையும் அசையும். பாஷா பாய் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மூடிய சுரங்கத்தின் ஆட்கள் அன்றைக்கு ஒரு ஷிஃப்ட் வேலை பார்த்தார்கள். கல் நிமிர்ந்தது.

இத்ரீஸ் மண்டியிட்டு, தண்ணீர் விட்டு மண்ணைக் கையாலேயே வழித்தார். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா எழுதிக்கீது சார்?" என்று கேட்டார் ஏழுமலை.

நான் சத்தமாகப் படித்துச் சொன்னேன். மரியம். ஃபாராவின் மகள். ஃபாரா பெர்பெராவில் பிறந்தவர், கார்டிஃபில் கப்பல் அடுப்புத் தொழிலாளி. அதற்குக் கீழே அவள் வயது இருபத்துமூன்று. அதற்கும் கீழே, எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்தில், கணவன் பேர்.

பிறகு ஏழுமலை, "அப்பன் பேரு மட்டுமில்ல சார், அப்பன் பாத்த வேலையக்கூட எழுதி வெச்சிக்கீறாங்க. கரி அள்ற வேலைய யாரு சார் கல்லுல வெட்டுவாங்க?" என்றார். அவர் குரல் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

இன்னொன்றும் அந்தக் கல்லில் இருந்தது. இறந்த வருஷம். கார்டிஃபுக்குக் கடைசிக் கடிதம் வந்த அதே வருஷம்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஐஎஸ்டி பூத்திலிருந்து இத்ரீஸ் அம்மாவைக் கூப்பிட்டார். நமக்கு மதியம் ஒன்று என்றால் கோடையில் அங்கே காலை எட்டரை. பூத்துக்கு வெளியே கல் தூக்கியவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். இந்த முறை கம்பெனிக்காக இல்லை. கதவைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது என்று திறந்தே வைத்திருந்ததால், அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. முதலில், "அழுகிறாயா? அழாதே, காசு ஓடுகிறது, விஷயத்தைச் சொல்," என்றார். இத்ரீஸ் கல்லில் இருந்ததை வாசித்தார். அம்மா திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தார். பிறகு அந்த வருஷத்தைச் சொன்னார்.

லைன் போய்விட்டதோ என்று பூத்காரர் எட்டிப்பார்த்தார்.

"அப்படியென்றால் அவள் எழுதாமல் இல்லை," என்றார் கதீஜா அம்மா. "எழுத அவள் இல்லை." அந்த ஃபிட்டர் ஏன் சொல்லியனுப்பவில்லை என்றார். போர்க்காலம், கடிதம் வந்த கப்பல் மூழ்கியிருக்கும் என்றார். இல்லை, எழுதத் தைரியம் வந்திருக்காது என்றார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. கடைசியில், "இப்போது எங்கப்பாவிடம் யார் சொல்வது?" என்று கேட்டுவிட்டு, கல்லை நாலு பக்கமும் படம் எடு, விரலை லென்ஸ்மேல் வைக்காதே என்று திட்டி போனை வைத்தார்.

படம் எடுத்துக்கொண்டு மூன்றரை மணி வண்டிக்கு ஊரிகம் ஸ்டேஷனுக்கு வந்தோம். எஸ்தர் அக்காவுக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது. டீ கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கிக்கொண்டார். "நேத்தி டீயும் காலைல குடிச்சதும் சேத்து குடுங்க," என்றார். இத்ரீஸ் என்னை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். இந்தியா வந்து அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

வண்டி நகரும்போது, காலையில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாரே, அவர் ஜன்னலோரம் ஓடிவந்தார். கோபித்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "சார், அவரு லிஃப்ட்டு வேலைதான், புரிஞ்சிது. இருந்தாலும் வெளிநாட்டுல கீறாரு இல்ல, யாருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வெக்கச் சொல்லுங்க," என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று இத்ரீஸ் கேட்டார். பங்காருப்பேட்டை வரும்வரை சொல்லவில்லை.

சரி, போகிறவர்களுக்கு. முதலில் கல்லறையைப் பாருங்கள், வெயிலுக்கு முன்னால். ஷாஃப்ட் எங்கும் ஓடிவிடாது. சயனைடு மேட்டுப் பக்கம் போனால் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், மேலே ஏறாதீர்கள். படம் இருந்தால் பைக்குள் பூட்டி வைக்காமல் இறங்கிய உடனே காட்டுங்கள். யாரைத் தேடுகிறீர்களோ அவர் யாருடைய மனைவி என்று மட்டும் சொல்லாமல், யாருடைய மகள் என்றும் சொல்லுங்கள். ஊரிகம் ஸ்டேஷன் எதிரே யாராவது காசு வாங்காமல் டீ கொடுத்தால், குடிப்பதற்கு முன்னால் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள்.

படம் நன்றாகவே வந்திருந்தது. அதன் ஒரு பிரதியைக் கதீஜா அம்மா தன் அப்பாவின் கல்லறைக்கு எடுத்துப்போனாராம். வழக்கமான கார்டிஃப் மழை. கல்லறை முன்னால் நின்று, காது கேட்காத ஆளுக்குச் சொல்வதுபோல், மரியத்தின் கல்லில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் சத்தம் போட்டு வாசித்தாராம். நடுவில் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினாராம், குடை பிடித்திருந்த இத்ரீஸிடம் "தள்ளிப் பிடி, எழுத்து தெரியவில்லை, அப்பாவுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்" என்று எரிந்து விழுவதற்காக.